தந்தியின் தமிழ்

'இரு பிரிவினர் மோதல்' என்ற தொடரை அறியாத தமிழ் நாளிதழ் வாசகர் இருக்க முடியாது. அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதைச் சொல்வதுபோல மறைக்கிற சொல்லாடல் இது. சாதி மனத்தின் வெளிப்பாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்; அது உண்மையும்கூட. ஆனால் இந்தத் தொடர் எந்தக் கம்பி வழியாக நம் மேசைக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் ஒரு நாளிதழில் இரவுப்பணி உதவியாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறேன்.

இந்தியாவில் தந்தி ஆட்சிக் கருவியாகவே பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஓஷாக்னெஸ்ஸி 1839இல் கல்கத்தா அருகே சோதனைக் கம்பி இழுத்தார். 1851இல் கல்கத்தா - டயமண்ட் ஹார்பர் தடம் இயங்கியது. 1857 மே 11 அன்று டெல்லி தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவுக்குப் போன எச்சரிக்கையைப் பேரரசு மறக்கவே இல்லை. அதற்கு நினைவுத்தூண் எழுப்பியது. 1885 தந்திச் சட்டம், பொது அவசரம், பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் எந்தச் செய்தியையும் இடைமறிக்கவும் நிறுத்திவைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் நாம் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். மாற்றுச் சட்டம் 2023இல்தான் நிறைவேறியது.

கம்பியின் இரு முனைகளிலும் உட்கார்ந்திருந்தவர்களை வரலாறு அவ்வளவாகப் பேசுவதில்லை. 1908இல் தந்தி ஊழியர்கள் புதிய பணிநேர முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பர்மாவரைக்கும் அது பரவியது. ஒரு ஊர்ச் சேதியை இன்னொரு ஊருக்குக் கடத்துகிறவர்களுக்குப் போராட்டத்தைக் கடத்தத் தெரியாதா என்ன! வேகம் என்பது முதலாளிக்கு லாபம், அதிகாரிக்கு வசதி; ஊழியனுக்கு அவனுடைய பகலும் இரவும் துண்டு துண்டாகிப் போவது.

தமிழுக்கு வருவோம். மோர்ஸ் குறியீடு ரோமன் எழுத்துக்களுக்கானது. தமிழில் தந்தி கொடுக்க நினைத்தால் அதை ரோமன் எழுத்தில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய நாளிதழ் தன் பெயரிலேயே தந்தியைச் சூடிக்கொண்டது. அந்தத் தந்திக்கோ தமிழ் எழுத்து தெரியாது. பின்னால் வந்த டெலிபிரிண்டரின் ஐந்தலகுக் குறியீட்டில் 32 சேர்க்கைகள் மட்டுமே. நம் 247 எழுத்துக்கு அதில் இடமேது? இந்திக்கு 1982இல் யுனிவார்த்தாவும் 1986இல் பாஷாவும் வந்தன. அப்போதும் எங்கள் மேசைக்கு வந்தது ஆங்கிலம்தான், எல்லாம் பெரிய எழுத்தில்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் தமிழில் திட்டி, தமிழில் அடித்து, தமிழில் அழுத சம்பவம் காவல் நிலையத்தில் அதிகாரியின் வாக்கியமாகிறது. செய்தி நிறுவனத்தில் ஆங்கிலமாகிறது. சுருங்குகிறது. நள்ளிரவில் காகிதச் சுருளாக விழுகிறது. அதைக் கிழித்து நான் மறுபடி தமிழாக்குகிறேன். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'நம்பப்படுகிறது' என்று ஆளில்லாத வினைகள் நம் செய்தி நடையில் பெருகியதற்கு இந்தச் சுற்றுவழிக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. செய்பவன் இல்லாத வாக்கியத்தில் குற்றவாளியும் இருக்க மாட்டான்.

ஒரு இரவு இப்படி ஒரு 'மோதல்' வந்தது. சந்தேகப்பட்டு அந்தப் பகுதி நிருபரைத் தொலைபேசியில் பிடித்தேன். "மோதலா? தெருவுல செருப்புப் போட்டு நடந்தானுங்கன்னு வீடு புகுந்து அடிச்சிருக்காங்க சார். அடி வாங்குனவங்க மேலயும் கேஸு" என்றார். அதை எழுதிக் கொண்டுபோனேன். பொறுப்பிலிருந்தவர் நல்ல மனிதர்தான். தாளைப் பார்த்தார். "ஏஜென்சியில என்ன இருக்கோ அதப் போடுங்க தம்பி. நாளைக்கு ஏதாச்சும்னா அவன் பதில் சொல்லிக்குவான்" என்றார். மறுநாள் காலை நான்கு வரி, 'இரு பிரிவினர்' என்றே வந்தது.

அவர் சொன்னதில் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. கம்பி செய்தியை மட்டும் கொண்டுவரவில்லை, பொறுப்பை வேறொருவன் தலையில் கட்டுகிற வசதியையும் கொண்டுவந்தது. நேரில் பார்த்தவனின் பேச்சுக்கு மதிப்பில்லை. எங்கிருந்தோ வந்த எழுத்துக்கு உண்டு. தொழில்நுட்பம் சாதியை உண்டாக்கவில்லை. சாதிக்கு ஒரு நடுநிலை இலக்கணத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

டெலிபிரிண்டர்கள் போய்விட்டன. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நின்றது. இன்று காவல்துறையின் செய்திக்குறிப்பு தமிழிலேயே, யூனிகோடிலேயே, வாட்ஸ்அப்பில் நேராக வந்துவிடுகிறது. மொழிபெயர்க்கும் வேலை இல்லை. நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது. அதிலும் 'இருதரப்பினரிடையே' என்றுதான் இருக்கிறது.