ஸ்டூடியோவும் பட்டாசலும்

படம் பிடித்துக்கொள்ள ஸ்டூடியோவுக்குப் போவதா, படக்காரரை வீட்டுக்கு வரவழைப்பதா என்பது நம் குடும்பங்களில் ஒரு காலத்தில் லேசான கேள்வியாக இருக்கவில்லை. பணம், கௌரவம், சகுனம் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பழைய வீடொன்றின் பட்டாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். கோட்டும் தலைப்பாகையுமாகத் தாத்தாக்கள் சுவரிலிருந்து குனிந்து பார்ப்பார்கள். ஆச்சிகள் எங்கே? குடும்பக் கதைகள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்வி வெகுநாளாகத் தொந்தரவு கொடுத்து வருகிறது.

விடையில் ஒரு பாதி ரசாயனத்தில் இருக்கிறது. 1839-ல் பாரிஸில் டாகேரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. ஆனால் 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரத்தகடு முறைதான் அடுத்த முப்பது வருஷம் ஆட்சி செய்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். மொத்தம் பத்து நிமிஷத்துக் காரியம். நம் சித்திரை வெயிலில் அந்த அவகாசமும் கிடையாது. ஆகவே வீட்டுக்கு வருவதென்றால் காமிரா மட்டும் வந்தால் போதாது. இருட்டறையும் வண்டியேறி வரவேண்டும்!

வெளிச்சத்துக்கு ஸ்டூடியோக் கூரையில் வடபுறமாகக் கண்ணாடி பதித்தார்கள். உட்கார்ந்தவர் அசையாதிருக்கத் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவட்டை. அதற்கும் பின்னால் சீமை மாளிகை எழுதிய திரை. இத்தனையும் கடைவீதி மாடியில் இருந்தன. அங்கே ஏறிப்போய், அந்நிய ஆடவன் ஒருவன் முகத்தை நிமிர்த்தச் சொல்ல, அவன் முன்னால் அமர்வது குலப்பெண்ணுக்கு அடுக்காது என்று வைத்திருந்தார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் வேறு. இது விடையின் மறுபாதி.

அரண்மனைக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது. 1880-ல் காலமான ஜெய்ப்பூர் மகாராஜா ராம்சிங் தாமே காமிரா பழகி, அந்தப்புரத்துப் பெண்களை அரண்மனையிலேயே படமெடுத்தார். ஹைதராபாத்தில் ராஜா தீன்தயாள் 1892-ல் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்து, அதை ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் விட்டார். வீட்டில் எடுத்த படம் மட்டமாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கும் இல்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் என்ற அம்மாள் 1863-ல், நாற்பத்தெட்டாவது வயதில், மகள் கொடுத்த காமிராவை வைத்துக்கொண்டு கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கினாள். கரி போடும் அறை இருட்டறையாயிற்று. டென்னிஸன் போன்றவர்களின் முகங்களை உலகம் அவள் படங்களில்தான் பார்க்கிறது. கடைசிக் காலத்தில் இலங்கைக்குக் குடிபோய், களுத்துறைப் பக்கத்து ஏழை ஜனங்களையும் படமெடுத்து, 1879-ல் அங்கேயே கண்மூடினாள்.

1880-க்குப் பிறகு உலர்தகடு பரவிற்று. படக்காரர் தகடுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தாமிரவருணிக் கரை ஊர்களுக்கும் வர முடிந்தது. முற்றத்தில் ஒரு நாற்காலி, பின்னால் ஒரு ஜமக்காளம்; ஸ்டூடியோ தயார். ஆனால் வண்டிச் சத்தமும் கூலியும் சேர்ந்து கையைக் கடிக்கும். ஆகையால் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். இல்லையென்றால் சாவுக்குக் கூப்பிட்டார்கள். மாலை போட்டு நாற்காலியில் சார்த்திவைத்து எடுத்ததே பல ஆச்சிகளுக்கு முதல் படமும் கடைசிப் படமும் ஆயிற்று. இதைவிடக் கொடிய சிக்கனம் வேறென்ன இருக்கிறது?

ஆண்களுக்கு அந்தத் தடையில்லை. வெளியூர் போன இடத்தில் படமெடுத்துக்கொண்டார்கள். கடையத்தில் குடியிருந்த பாரதி 1919-ல் காரைக்குடி போனபோது எடுத்த படம், கையில் தடியோடு இன்றும் நம்மை நேராகப் பார்க்கிறது. கொழும்புக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்களும் அங்கே ஸ்டூடியோவில் நின்று ஊருக்குப் படம் அனுப்பினார்கள்.

1900-ல் ஒரு டாலருக்கு வந்த பிரவுனி பெட்டிக் காமிராவும், பிற்காலத்தில் பரோடாவில் செய்த ஆக்ஃபா க்ளிக்கும் இந்த வழக்கைத் தீர்த்திருக்க வேண்டும். சுருளுக்குப் பன்னிரண்டு படம். எடுப்பவன் சொந்தப் பிள்ளை. ஆச்சி அடுக்களை வாசலிலேயே சிரித்தாள். இரும்புக் கவட்டை பிடித்திருந்த தாத்தாவுக்கு இல்லாத களை அவள் முகத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சுருள்கள் எங்கே? டிரங்குப் பெட்டியில் கரப்பானுக்கு இரையாயின. ஸ்டூடியோக்காரரோ தகட்டுக்கு நம்பர் போட்டுப் பெட்டியில் அடுக்கிவைத்தார். அதற்கும் அழிவு வந்தது. பூச்சைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைச் சட்டம் போட விற்றவர்கள் உண்டு. அப்படியும் தப்பியவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 2010-களில் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் தேடிப் பிரதியெடுத்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகம் அதற்குத் துணை நின்றது.

எது மேல் என்று கேட்டால், முகத்துக்கு வீடு, ஆயுசுக்கு ஸ்டூடியோ என்பதே என் அபிப்பிராயம். கைபேசி வந்தபின் எல்லா வீடும் ஸ்டூடியோதான். ஆனால் நம்பர் போட்டு அடுக்கிவைக்க ஆளில்லை. வருஷத்துக்கு நாலு படமாவது அச்சிட்டுப் பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஆச்சியின் படமானால் இன்னாருடைய சம்சாரம் என்று எழுதாமல், அவள் பெயரையே எழுதுங்கள்.