ஊற்றின் முன்னால் காத்திருந்தவர்கள்



திங்கள்கிழமைகளில் வேங்கிக்கால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள் கூட்டம் நடக்கும். பட்டா, சுடுகாட்டுப் பாதை, சாதிச் சான்றிதழ் என்று வருகிற நம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையில் நாங்கள் சிலர் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது வழக்கம். அப்படி ஒரு மாலையில் எழுந்த பேச்சுதான் இந்தக் கட்டுரை.

எங்களோடு படிக்க வரும் அக்கா ஒருவர் அவர் குடும்பத்தில் முதல் அரசு ஊழியர். அவருடைய அம்மா நாற்பது ஆண்டுகள் சேற்றில் நின்று நாற்று நட்டவர். இப்போது முட்டி மடங்குவதில்லை. அம்மாவைச் சாரல் காலத்தில் பதினைந்து நாள் குற்றாலத்தில் தங்கவைக்க வேண்டும், குளிர்காலத்தில் புத்தகயாவுக்குப் போகும்போது பீகாரின் ராஜ்கிர் வெந்நீர் ஊற்றுகளிலும் சில நாள் குளிக்கவைக்க வேண்டும் என்று அக்கா திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, ஊத்துல போய் பதினஞ்சு நாள் குளிக்கிறதெல்லாம் நம்ம வேலையா? அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம் இல்லையா?"

அம்மா வேறு ஒன்று கேட்டார்: "அங்க போய் உக்காந்துட்டா பதினஞ்சு நாள் கூலிய யாரு கண்ணு குடுப்பா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் வரலாற்றில் பதில் தேடினோம்.

அரசன் காத்திருந்த ஊற்று

ராஜ்கிர் என்பது பழைய ராஜகிருகம், மகத நாட்டின் தலைநகரம். வைபார மலையடியில் சுரக்கும் வெந்நீர் ஊற்றுகளைப் பாலி நூல்கள் தபோதா என்று குறிப்பிடுகின்றன. வினயப் பிடகத்தில் இந்த ஊற்றைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. மன்னன் பிம்பிசாரன் தலை முழுக அங்கே வருகிறான். பிக்குகள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று மன்னன் ஓரமாக நிற்கிறான். அவர்களோ இருட்டும்வரை குளிக்கிறார்கள். பிறகு மன்னன் குளித்துத் திரும்பும்போது கோட்டைக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. தன் தலைநகரத்துக்கு வெளியிலேயே அவன் இரவைக் கழிக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சங்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சாக்கிய இளவரசர்களுக்கு முடிதிருத்திய உபாலி இருந்தார். நாங்கள் அவரை வணங்கும்படி அவருக்கே முதலில் துறவு கொடுங்கள் என்று அந்த இளவரசர்களே கேட்டதாக வினயம் சொல்கிறது. வாடிய பூக்களையும் குப்பையையும் அள்ளிப் பிழைத்த சுனீதரும் சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய பாடல்கள் தேரகாதையில் உள்ளன. இப்படிப்பட்ட ஒரு கூட்டம் குளித்து முடிப்பதற்காக ஓர் அரசன் ஓரமாக நின்றான்.

கதை இத்தோடு முடியவில்லை. செய்தி அறிந்த புத்தர் பிக்குகளைத்தான் கடிந்துகொண்டார். அளவறியாமல் குளித்து அடுத்தவரைக் காக்கவைத்தது தவறு என்பது அவர் நிலை. அரை மாதத்துக்கு ஒருமுறைதான் குளிக்க வேண்டும் என்று விதி வகுத்தார். பிறகு ஒவ்வொன்றாக விலக்குகள் சேர்ந்தன. வெயில் காலத்தில் குளிக்கலாம். நோயுற்றவர் குளிக்கலாம். வேலை செய்தவர் குளிக்கலாம். வழி நடந்தவர் குளிக்கலாம். காற்றிலும் மழையிலும் சிக்கியவர் குளிக்கலாம்.

இந்தப் பட்டியலில் பிறப்பு என்ற சொல்லே இல்லை. உடலின் தேவைதான் இருக்கிறது. நோயும் உழைப்பும் ஒருவரைத் தண்ணீருக்கு உரியவர் ஆக்குகின்றன. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், பல இடங்களிலிருந்தும் மக்கள் இந்த ஊற்றுகளில் குளிக்க வருகிறார்கள், நோயுற்றவர் பலர் குணமாகிறார்கள் என்று எழுதிவைத்தார். ஆக, ஊற்றில் தங்கிக் குளிப்பது பணக்காரர் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. எளியவர்களும் வந்து குளித்த இடங்களுக்குப் பின்னாளில் கதவு போடப்பட்டது என்பதே வரலாறு.

உத்தரவு வந்தது, தண்ணீர் வரவில்லை

அந்தக் கதவைத் தமிழ்நாட்டில் பார்க்கக் குற்றாலத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலாக இறங்கும் இடம் அது. மூலிகைக் காடுகளின் வழியே வரும் தண்ணீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டது. திருநெல்வேலியிலும் திருவனந்தபுரத்திலும் இருந்த வெள்ளை அதிகாரிகளுக்கு இது உடல்நலம் தேற்றும் ஊரானது. அவர்கள் பங்களாக்களில் வாரக்கணக்கில் தங்கினார்கள். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்களுக்குத் திறந்திருந்த பேரருவி, பக்கத்துச் சேரியில் பிறந்தவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

இதைச் சட்டத்தால் உடைக்க முதலில் முயன்றவர்கள் நம்மவர்கள். சென்னை சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதையும் எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடை கூடாது என்பதே அதன் சாரம். அது 1924 செப்டம்பர் 25 தேதியிட்ட 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. பம்பாய் மாகாணத்தில் 1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானமும் இதே வகையானது. மகாத் நகராட்சி அதை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் அறிவித்தது. குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று அந்தக் குளத்து நீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அதற்குப் பதிலாக மக்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குப் பஞ்சகவ்யம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய், பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1937 மார்ச்சில்தான் நம் பக்கம் தீர்ந்தது. குடித்தது ஒரு கை நீர். அதைச் சட்டப்படி சரி என்று சொல்லப் பத்து ஆண்டுகள்.

நம் மாகாணத்துக்குத் திரும்புவோம். 2660ஆம் எண் அரசாணை வந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1934இல், காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் குற்றாலம் வந்தார். ஒடுக்கப்பட்டவர்கள் அருவிக்குப் போக முடியாது என்று அறிந்து, தானும் குளிக்க மறுத்தார். பாடநூல் எழுதுபவர்கள் இதை ஒரு பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள். நாம் அதை வேறு விதமாகப் படிக்க வேண்டும். அரசாணை வெளிவந்து பத்து ஆண்டுகள் ஆகியும் ஒரு பொது அருவி மூடியே இருந்தது என்பதற்கு அது சாட்சியம். ஒருநாள் குளிக்க மறுத்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குளிக்க மறுக்கப்பட்ட ஒருவரின் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை.

துண்டு எடுத்துக் கொடுத்தவர்கள்

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளை அந்நாட்டு அரசு 1832இலேயே பொதுச் சொத்தாக ஒதுக்கியது. மூட்டுவலிக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கிக் குளிக்க வரிசையாகப் பெரிய குளியல் மாளிகைகள் எழுந்தன. அவற்றில் தொட்டி நிரப்பி, முதுகு தேய்த்து, துண்டு எடுத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். அதே தொட்டியில் இறங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் கறுப்பினத்தவரின் பிதியாஸ் சங்கம் தன் மக்களுக்கென்று தனிக் குளியல் இல்லம் கட்டி நடத்தியது. 1964இன் குடியுரிமைச் சட்டம் வரும்வரை நிறப் பாகுபாட்டுக்குச் சட்டத் தடை இல்லை.

உழைப்பவரின் கை தண்ணீரில் படலாம், உடல் படக் கூடாது. சாதிக்கும் நிறவெறிக்கும் இந்த விதி பொது. குற்றாலத்தில் கூட்டம் குளித்துப் போன பிறகு ஷாம்பு உறையையும் கிழிந்த துணியையும் அள்ளுகிற கைகள் யாருடையவை? அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். அந்தத் தொழிலாளிக்குச் சாரல் காலத்தில் ஒருநாள் விடுப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

சட்டத்தில் ஊற்று இருக்கிறது

இளம் தோழர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், குளியல் துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம்தான் பின்னாளில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆவது பிரிவு ஆறு, ஓடை, ஊற்று, கிணறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. தர்மசத்திரங்களும் அதில் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தமும் ஊற்றையும் குளியல் துறையையும் குறிப்பிட்டே தடுப்பவரைத் தண்டிக்கிறது. சட்டம் எழுதியவர்கள் எந்த எந்தத் தண்ணீரில் நாம் நிறுத்தப்பட்டோம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததைப் பார்த்தோம். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைய 2023 ஜனவரியும் காவல்துறைப் பாதுகாப்பும் தேவைப்பட்டன. அதனால் பயணத் திட்டம் என்பது நமக்கு வெறும் பேருந்துச் சீட்டு அல்ல.

எங்கள் திட்டம்

அக்காவின் திட்டத்தை எல்லோருமாக உட்கார்ந்து திருத்தினோம். முதலில் அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். தேய்ந்த மூட்டில் அருவி அடித்து விழக் கூடாது, ஓரத்தில் நின்று நனைந்தால் போதும், இரத்த அழுத்தம் இருப்பதால் வெந்நீர் ஊற்றில் சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம் என்றார் மருத்துவர். நீர் வலியைத் தணிக்கும், தேய்ந்த எலும்பை வளர்க்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அடுத்தது தங்குமிடம். சாதிச் சங்கங்களின் சத்திரங்கள் கோயில் ஊர்களில் நிறைய. 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வி எங்களில் சிலருக்கு அனுபவம். அப்படிக் கேட்டு இடம் மறுத்தால் என்ன பிரிவில் புகார் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதி அக்காவின் பையில் வைத்தோம்.

கூலிக் கேள்விதான் மிகக் கடினம். அம்மா இப்போதும் முடிந்த நாளில் களை எடுக்கப் போகிறவர். மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. விவசாயக் கூலிக்கு இல்லை. அருவியைத் திறக்கச் சட்டம் வந்துவிட்டது, பதினைந்து நாள் ஓய்வைத் திறக்க இன்னும் வரவில்லை. அக்காவின் சம்பளம் இந்தமுறை அதை ஈடுகட்டும். அப்படி ஒரு மகள் இல்லாத அம்மாக்கள்தான் நம் காலனிகளில் அதிகம். விவசாயத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு என்ற கோரிக்கையை இனி நம் மனுக்களில் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

கேள்வி கேட்ட தம்பிதான் பேருந்து நேரம் பார்த்துக் கொடுத்தார். அம்மா மட்டும், "நடவு முடியட்டும், ஆடியில போலாம்" என்றார்.

தோழர்களே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரில் எந்தக் கிணற்றில், எந்தக் குளத்துப் படியில், எந்த அருவியில் உங்கள் தாத்தாவும் பாட்டியும் காத்து நின்றார்கள் என்று இந்த விடுமுறையில் கேளுங்கள். இடம், ஆண்டு, தடுத்த விதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நின்றவர்களின் பெயர்களையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். குற்றாலத்துக் கதையில் நமக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பெயர்கள்தான்.