நாஞ்சில் நாட்டுச் சாலைகளில் மிதிவண்டி விபத்துகளும் சட்டப் பொறுப்பும்: 1938 முதல் இன்றுவரை

ஆய்வுச் சுருக்கம்

1979ஆம் ஆண்டுவரை நாஞ்சில் நாட்டில் இருப்புப்பாதை இல்லை. பேருந்து, சரக்குந்து, மாட்டுவண்டி, மிதிவண்டி ஆகிய அனைத்தும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொண்டன. இச்சூழலில் கவனமற்ற ஓட்டுநர்களால் மிதிவண்டியாளர் அடைந்த இழப்புக்குச் சட்டம் யாரைப் பொறுப்பாக்கியது என்பதை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. மெய்ப்பிக்கும் சுமை மெல்ல மெல்லப் பாதிக்கப்பட்டவரிடமிருந்து ஊர்தி உரிமையாளரிடம் நகர்ந்தது. எனினும் மோதலுக்குப் பிந்தைய இழப்பீட்டளவிலேயே அம்மாற்றம் நின்றது என்பதும், மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் எந்த ஆவணத்திலும் இடம்பெறாமல் மிதிவண்டியாளரைச் சாலையிலிருந்தே விலக்கின என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: நாஞ்சில் நாடு, மிதிவண்டி, சாலை விபத்து, மோட்டார் ஊர்திச் சட்டம், இழப்பீடு.

1. முன்னுரை

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் அடங்கிய நிலப்பகுதி நாஞ்சில் நாடு என வழங்கப்பெறுகிறது. திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியமாக விளங்கிய இப்பகுதி, கல்குளம், விளவங்கோடு வட்டங்களுடன் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தின் அரசியல், சமய, சமூக வரலாறு பற்றிய ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. சாலையைப் பயன்படுத்திய எளிய மக்களின் பாதுகாப்பு வரலாறு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. அவ்விடைவெளியைச் சட்ட வரலாற்றின் துணைகொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒரே சாலை, பல வேகங்கள்

1938 பிப்ரவரி 20இல் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை தன் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவில், கன்னியாகுமரி ஆகிய ஊர்களையும் இணைத்த தடமே அதன் முதன்மைத் தடம். திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979இலும், நாகர்கோவில் – திருநெல்வேலி இருப்புப்பாதை 1981இலும்தான் திறக்கப்பட்டன. ஆகவே இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் இப்பகுதியின் நிலவழிப் போக்குவரத்து முழுவதையும் சாலையே சுமந்தது.

அச்சாலைகளின் அமைப்பும் கருதத்தக்கது. வயல்களின் ஊடாகவும், குளக்கரைகளின் மீதும், சானல்கரைகளை ஒட்டியும் செல்பவை அவற்றுள் பல. ஒருபுறம் நீர், மறுபுறம் வயல் என்றமைந்த இடங்களில் ஒதுங்குவதற்குரிய மண்தடம் குறுகியது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே உயர வேறுபாடும் உண்டு. பின்னால் வரும் பேருந்து ஒலியெழுப்பியதும் மிதிவண்டியாளர் மண்ணில் இறங்கியாக வேண்டும். பின்பாரம் ஏற்றிய மிதிவண்டிக்கு அவ்விறக்கமே விழுவதற்குப் போதிய காரணமாகும். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் வணிகர், தோவாளைச் சந்தைக்கு விடியுமுன் பூக்கொண்டு வருவோர், கோட்டாற்றுக் கடைகளுக்குச் சரக்கேற்றுவோர் ஆகியோருக்கு இருளும் பாரமும் தொழிலோடு ஒட்டியவை.

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றது. உள்நாட்டு உற்பத்தி பெருகியதும் மிதிவண்டி நடுத்தர, உழைக்கும் மக்களின் உடைமையாயிற்று. வாடகை மிதிவண்டிக் கடைகள் சொந்த வண்டி இல்லாதோருக்கும் அதனை எட்டச் செய்தன.

3. கட்டுப்படுத்தப்பட்டவர் யார்?

மிதிவண்டியாளர் சட்டத்தின் கண்ணில் முதலில் பட்டது பாதுகாக்கப்பட வேண்டியவராக அன்று, கட்டுப்படுத்தப்பட வேண்டியவராகவே. தமிழக உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கு வரி விதித்து உரிமத்தகடு வழங்கின. இரவில் விளக்கின்றிச் செல்வதும், இருவர் ஏறிச் செல்வதும் நெடுங்காலம் காவலர் பிடித்துத் தண்டம் விதித்த குற்றங்களாக இருந்தன.

மறுபுறத்தில், கவனமற்ற ஓட்டுநரைத் தண்டிக்க இருந்த பிரிவுகள் மோட்டார் ஊர்திக்கு முந்தியவை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 279ஆம் பிரிவில் பொதுவழியில் முரட்டுத்தனமாகவோ கவனமின்றியோ ஊர்தி செலுத்துவதைக் குற்றமாக்கியது. உயரிய தண்டனை ஆறு மாதச் சிறை. கவனமின்மையால் மரணம் விளைவித்தலுக்கான 304அ பிரிவு 1870இல் சேர்க்கப்பட்டது. அதன் உயரளவு இரண்டாண்டுச் சிறை. குதிரைவண்டிக் காலத்தில் வகுத்த இவ்வளவுகள் மோட்டார் யுகத்திலும் நீடித்தன. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவே மரணம் விளைவித்தலுக்கான தண்டனையை ஐந்தாண்டாக உயர்த்தியது.

இத்தகைய மோதல் நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1896 மே 30இல் நியூயார்க்கில் மிதிவண்டியில் சென்ற ஈவலின் தாமஸ் மோட்டார் ஊர்தி மோதிக் காயமுற்றார். அமெரிக்காவில் பதிவான மிகத் தொடக்ககால மோட்டார் விபத்துகளுள் அது ஒன்று. மோட்டார் ஊர்தியின் வரலாறு தொடங்கும்போதே மிதிவண்டியாளரின் காயமும் தொடங்கிவிடுகிறது.

4. 1956: தீர்ப்பாயத்தின் தோற்றம்

கன்னியாகுமரி மாவட்டம் உருவான 1956ஆம் ஆண்டிலேயே 1939ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டம் திருத்தப்பட்டு, விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைத் தீர்ப்பாயங்களுக்கு வழிவகுக்கப்பட்டது. அதற்குமுன் காயமுற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. வழக்கின் செலவும் காலமும் நாட்கூலிக்காரருக்கு எட்டாதவை.

தீர்ப்பாயம் வழியை எளிதாக்கியது. மெய்ப்பிக்கும் சுமையை மாற்றவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவைப் பாதிக்கப்பட்டவரே நிறுவ வேண்டும் என்பதை 1977இல் மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. விடியற்காலையில் தனியே சென்று மோதுண்ட மிதிவண்டியாளருக்குச் சான்றாளர் கிடைப்பது அரிது. அவர் இறந்துவிட்டால் ஓட்டுநரின் கூற்று ஒன்றே எஞ்சும். மிதிவண்டியில் விளக்கெரியவில்லை என்பது அக்கூற்றில் எளிதாக இடம்பெறக்கூடியது. மூன்றாம் பகுதியில் கண்ட விளக்கு விதி, இவ்வாறு இறந்தவருக்கு எதிரான வாதமாகவும் பயன்படத்தக்கதாயிற்று.

தமிழகத்தில் நேர்ந்த பேருந்து விபத்து ஒன்றினால் எழுந்த என்.கே.வி. பிரதர்ஸ் – கருமாயி அம்மாள் வழக்கு 1980இல் ஒரு திருப்பத்தைக் கொணர்ந்தது. குற்றவியல் நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தது என்பதனால் இழப்பீடு மறுக்கப்படலாகாது என்றும், நுட்பக் குறைகளைக் காட்டி உரிமையாளர் தப்பத் தீர்ப்பாயங்கள் இடந்தரலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

5. 1982: தவறு நிறுவாப் பொறுப்பு

1982 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த 92அ பிரிவு இவ்வரலாற்றின் மையமாகும். யார் தவறு என்று ஆராயாமலே, மரணத்திற்கு 15,000 ரூபாயும் நிலையான ஊனத்திற்கு 7,500 ரூபாயும் ஊர்தி உரிமையாளர் வழங்க வேண்டும் என்றது அப்பிரிவு. பாதிக்கப்பட்டவரின் தவறு காரணமாக அத்தொகை மறுக்கப்படவோ குறைக்கப்படவோ கூடாது என்றும் அது விதித்தது. அவ்வளவில் ‘விளக்கில்லை’ என்ற வாதம் செல்லாததாயிற்று.

மோதிவிட்டு ஓடிய ஊர்தி அடையாளம் காணப்படாதபோது வழங்கும் தொகையும் அப்போதே அறிமுகமாயிற்று. மரணத்திற்கு அன்று 5,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அது 2 லட்சம் ரூபாய். அதே நாள் முதல், தவறு நிறுவாப் பொறுப்பின்கீழ் மரணத்திற்கு 5 லட்சமும் கொடுங்காயத்திற்கு 2.5 லட்சமும் வழங்க வகைசெய்யும் புதிய 164ஆம் பிரிவு செயற்படுகிறது.

தீர்ப்பு கிடைத்தாலும் தொகை கைக்கு வருவது தனிப்போராட்டம். தீர்ப்பாயம் விதித்த இழப்பீட்டைச் செலுத்தாமையால் அரசுப் பேருந்துகள் ஜப்தி செய்யப்பட்ட செய்திகள் தமிழக நாளிதழ்களில் பலமுறை வெளிவந்துள்ளன.

நெதர்லாந்தின் சட்டம் ஒப்புநோக்கத்தக்கது. அங்கு 185ஆம் பிரிவின்படியும் நீதிமன்ற மரபின்படியும், மோட்டார் ஊர்தியால் காயமுற்ற 14 வயதுக்குட்பட்ட நடையர், மிதிவண்டியாளர் ஆகியோருக்கு முழு இழப்பீடும், ஏனையோருக்குக் குறைந்தது பாதியும் பொதுவாக உறுதி. 1970களில் குழந்தைகளின் சாலைமரணங்களை எதிர்த்துப் பெற்றோர் நடத்திய கிளர்ச்சி அங்குத் தனித்தடங்கள் பெருகத் துணைநின்றது. பொறுப்பைச் சுமத்துதலும் பாதையைப் பிரித்தலும் அங்கு இணைந்து நடந்தன.

6. பதிவாகாத தப்பித்தல்கள்

இந்தியாவிலும் தனித்தடம் குறித்த நெறிமுறை பழமையானதே. மோட்டார் ஊர்திகள் மணிக்கு 100 முதல் 200வரை செல்லும் சாலையில், உச்ச நேர மிதிவண்டிகள் 400 இருப்பின் தனித்தடம் அமைக்கலாம் என்றும், மோட்டார் ஊர்திகள் 200ஐ மிஞ்சினால் 100 மிதிவண்டிகளே போதும் என்றும் 1962இல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பரிந்துரைத்தது.

இவ்வளவுகோலில் ஒரு சிக்கல் உண்டு. மோதல் நிகழ்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. பேருந்தின் பக்கவாட்டு உரசாமல் தப்பியதோ, திடீரெனத் திறந்த கார்க் கதவை விலகிச் சானல்கரையில் விழுந்ததோ எங்கும் பதிவாவதில்லை. அத்தகைய தப்பித்தல் இரண்டு மூன்று நேர்ந்தபின் ஒருவர் மிதிவண்டியைக் கைவிடுகிறார். பெற்றோர் பிள்ளையைப் பேருந்தில் அனுப்புகின்றனர். சாலையில் மிதிவண்டிகளின் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தமையால் தனித்தடத்திற்கான நியாயமும் மறைகிறது. அச்சத்தின் விளைவே தேவையின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

இருசக்கர மோட்டார் ஊர்தி எளிதாகக் கிடைத்தமையும் இக்குறைவுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் வாங்கும் வசதி இல்லாதோரும் உரிமம் பெறும் வயது எய்தாதோரும் இன்றும் மிதிவண்டியையே நம்பியுள்ளனர். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கிய அரசின் மிதிவண்டித் திட்டம் 2005-06இல் பிற மாணவர்களுக்கும் விரிந்தது. பதினோராம் வகுப்பு மாணவருக்கு அரசு வண்டியை அளித்தது. அதனை அச்சமின்றி ஓட்டும் தடத்தை அளிக்கவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 18,70,374 பேர் நெருங்கி வாழும் இம்மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் 2018இல் மேம்பாலங்கள் திறக்கப்பட்டன. அவை மோட்டார் ஊர்தியின் நெரிசலுக்குத் தீர்வாகக் கருதப்பட்டவை.

7. முடிவுரை

1938க்குப் பிந்தைய நாஞ்சில் நாட்டுச் சாலை வரலாற்றில் மிதிவண்டியாளர் முதலில் விதிமீறுபவராகவும், 1956க்குப் பின் வழக்காடுபவராகவும், 1982க்குப் பின் தவறு நிறுவாமலே இழப்பீடு பெறுபவராகவும் நிலைமாறினார். இம்மாற்றம் சிறிதன்று. ஆயினும் ஒவ்வொரு படியும் அவர் வீழ்ந்த பின்னரே அவரை நோக்கியது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நான்காயிரத்திற்கும் மேற்பட்டோர் மிதிவண்டியாளர்.

மோட்டார் இயந்திரமற்ற ஊர்திகளுக்கும் நடையருக்கும் விதிகள் இயற்ற மாநிலங்களுக்கு 138(1அ) பிரிவு 2019இல் அதிகாரம் அளித்தது. கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், அவ்விதிகளை ஆறு மாதங்களுக்குள் இயற்றுமாறு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்விதிகள் பழைய உரிமத்தகட்டைப் போல மிதிவண்டியாளரைக் கட்டுப்படுத்துவனவாக அமையுமா, அவருக்குச் சாலையில் இடம் அளிப்பனவாக அமையுமா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா. இன்று சாலையில் காணப்படும் மிதிவண்டிகளை மட்டும் எண்ணாமல், அச்சத்தால் விலகியோரின் நினைவுகளையும் வாய்மொழி வரலாறாகத் தொகுத்தால், தனித்தடத்தின் தேவைக்கு உரிய சான்று கிடைக்கும். தோவாளைப் பூ வணிகரிடமும் கடலோர மீன் வணிகரிடமும் அத்தொகுப்புப் பணி தொடங்கப்பெறலாம்.