குருப்பட்டமும் ஒரு சிறு சொல்லும்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவர் எக்கணத்திற் குருவாகிறார்? மேற்றிராணியார் அவர் தலைமேற் கைகளை வைத்துச் செபிக்கும்போதா, இரசம் வார்த்த பாத்திரத்தையும் அப்பம் வைத்த தட்டையும் அவரிடம் ஒப்புவிக்கும்போதா? 1439ஆம் ஆண்டிலே, புளோரன்சுச் சங்கத்தின்போது ஆர்மேனியருக்கு விடுக்கப்பட்ட ஆணை, பாத்திரத்தை ஒப்புவித்தலையே சுட்டியது. ஆதித் திருச்சபையிலோ அச்சடங்கு இருந்ததில்லை. ஆகவே ஐயம் ஓயவில்லை. பாத்திரத்தைத் தம் கை தொட்டதோ இல்லையோ என்று கலங்கிய குருமாரும் உளர். 1947இல் பன்னிரண்டாம் பத்திநாதர், கைகளை வைத்தலும் அதற்குரிய செபமுமே இனிப் போதும் என முடிவு கட்டினார்.

இது வெறும் சடங்கு வாதமன்று. குருப்பட்டம் செல்லாதெனில் அவர் நிறைவேற்றும் பூசை பூசையன்று; பாவசங்கீர்த்தனத்திலே அவர் கூறும் மன்னிப்பும் மன்னிப்பன்று. 1896இல் பதின்மூன்றாம் சிங்கராயர் இங்கிலாந்துத் திருச்சபையின் பட்டங்களைச் செல்லாதன என்றதும் இவ்வகை வாதத்தாலேயே. ஆறாம் எட்வேட் மன்னர் காலத்துச் சடங்குநூல், பலி ஒப்புக்கொடுக்கும் குருத்துவத்தைக் குறிக்கும் சொற்களை நீக்கிவிட்டது என்பது அவர் கண்ட குறை. மறு ஆண்டிலே கன்ரபரி, யோர்க் அதிமேற்றிராணிமார் இலத்தீனிலேயே விடையிறுத்தனர்: இவ்வளவுகோல் உரோமாபுரியின் பழைய சடங்குகளையும் வீழ்த்துமே என்று.

விந்தை யாதெனில், அதே அளவுகோல் பின்னர் உரோமாபுரிமீதே திரும்பியது. 1968இல் ஆறாம் சின்னப்பர் பட்டச் சடங்குகளைத் திருத்தினார். குருப்பட்டத்திற்குரிய முக்கிய வாக்கியத்தில், ‘பொருட்டு’ என்னும் பொருள்தரும் ‘உத்’ என்ற ஈரெழுத்து இலத்தீன் சொல் விடுபட்டது. ஆவியானவர் புதுப்பிப்பதற்கும் பட்டம் பெறுவதற்கும் உள்ள தொடர்பு அறுந்தது என்றனர் சிலர். பழைய வழிபாட்டைப் போற்றியோருள்ளும் பலர் இதனை ஏற்கவில்லை. வெரோனா நகரிற் கிடைத்த மிகப் பழைய உரோமச் செபத் தொகுப்பிலும் அச்சொல் இல்லை, இவ்வையம் வலிதன்று.

மேற்றிராணியார் பட்டத்தைப் பற்றிய ஐயமே கனமானது. அங்கே ஒரு சொல்லன்று, செபம் முழுவதுமே மாறியது. மேற்றிராணியார் மெய்யானவரல்லரெனில் அவர் பட்டங்கொடுத்த குருவும் குருவல்லர். புதிய வாக்கியத்திலுள்ள ‘ஆளும் ஆவி’ என்னும் தொடர், அப்பதவியைத் தெளிவாகக் குறிக்கவில்லை என்பது கண்டனம். ஆனால் அச்செபம் புதிதாகப் புனைந்ததன்று. இப்பொலித்துவுக்குரியதெனக் கருதப்பட்ட ஆதிகால நூலிலிருந்து எடுத்தது. எகிப்தின் கொப்திக்குச் சபையார் மேற்றிராணிமாருக்குப் பட்டங்கொடுக்கும் செபமும் அதன் வழிவந்ததே. அவர்கள் பட்டம் செல்லாதென உரோமாபுரி ஒருபோதும் கூறியதில்லை.