மடிக்கணினி விரிவாக்க அட்டை

மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள நீண்ட செருகுவாயில் நுழைத்து, அதில் இயல்பாக இல்லாத ஓர் இணைப்பை வரவழைக்கும் தட்டையான சாதனம் விரிவாக்க அட்டை. மோடம், ஈதர்நெட், வைஃபை, ஃபயர்வயர், சீரியல் போர்ட், கூடுதல் யுஎஸ்பி என்று பல வேலைகளுக்கு இது வந்தது. மேசைக் கணினி என்றால் திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து அட்டையைப் பொருத்திவிடலாம். மடிக்கணினிக்குள் அதற்கு இடமில்லை என்பதால் அட்டை வெளியிலிருந்தே உள்ளே போக வேண்டியிருந்தது. 1990களிலும் 2000களிலும் வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வாய் உண்டு. இன்று கடையில் இருப்பவற்றில் அதைக் காண்பது அரிது.

தொடக்கம் நினைவக அட்டையில்தான். 1989இல் கணினி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த பிசிஎம்சிஐஏ சங்கம் 1990இல் முதல் தரநிலையை வெளியிட்டது; அதில் நினைவகத்துக்கு மட்டுமே இடம். மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பு மோடம் போன்றவற்றுக்கும் கதவைத் திறந்தது. நீள அகலம் ஏடிஎம் அட்டையின் அளவேதான்: 85.6 மி.மீ.க்கு 54 மி.மீ. தடிமனில் மட்டும் 3.3, 5, 10.5 மி.மீ. என மூன்று வகை. குட்டி ஹார்ட் டிஸ்க்கை அடைக்க வேண்டியவர்கள் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள்.

செருகுவாயின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு வரிசையில் 68 ஊசிகள் தெரியும். ஊசிகள் கணினிப் பக்கம், துளைகள் அட்டைப் பக்கம். எல்லா ஊசியும் ஒரே நீளம் அல்ல. மின்சாரத்துக்கும் தரையிணைப்புக்குமான ஊசிகள் நீளமானவை; அட்டை வந்துவிட்டது என்று சொல்லும் ஊசிகள் எல்லாவற்றிலும் குட்டை. ஆகவே செருகும்போது கடைசியாகத் தொடுவது இந்தக் குட்டை ஊசிகள்தான். அவை தொட்ட பிறகே கணினி அட்டைக்கு மின்சாரம் தரும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அட்டையைச் செருக முடிந்ததற்கு இந்தச் சிறு ஏற்பாடும் ஒரு காரணம். ஆனால் அட்டையைக் கோணலாகத் திணித்து ஓர் ஊசி வளைந்துவிட்டால், செலவு அட்டைக்கு அல்ல, மடிக்கணினிக்கு.

1995இல் வந்த கார்டுபஸ், 16 பிட் பாதையை 32 பிட் ஆக்கி, விநாடிக்கு 133 மெகாபைட் வரை உச்ச வேகம் தந்தது. முனையில் சிறு மேடுகளோடு தங்க நிறப் பட்டை இருந்தால் அது கார்டுபஸ். பழைய 5 வோல்ட் வாயில் அது நுழையாதபடி விளிம்பிலேயே தடை வைத்திருந்தார்கள். 2003இல் எக்ஸ்பிரஸ்கார்டு வந்தது: 26 தொடுமுனைகள், 34 அல்லது 54 மி.மீ. அகலம். பழைய அட்டை இதில் பொருந்தாது. கணினியின் உள்பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒரு தடமும் யுஎஸ்பி 2.0வும் ஒரே வாயில் வந்தது இதன் தனித்தன்மை. 2009இல் பிசிஎம்சிஐஏ சங்கமே கலைந்து, தரநிலையின் பொறுப்பு யுஎஸ்பியை நடத்தும் அமைப்பின் கைக்குப் போனது. போட்டியில் வென்றவரிடமே சொத்தை ஒப்படைத்த கதை.

தமிழ்நாட்டில் இந்த அட்டையைத் தேடிப் போன ஒரு கூட்டம் கல்யாண வீடியோக்காரர்கள். மினி டிவி கேசட்டில் எடுத்த ஒரு மணி நேர முகூர்த்தம் கணினியில் ஏறினால் சுமார் 13 ஜிபி. அதைத் தரம் குறையாமல் இறக்க ஃபயர்வயர் வேண்டும். பல மடிக்கணினிகளில் அது கிடையாது, அட்டைதான் வழி. அட்டையிலும் நான்கு ஊசி போர்ட் என்றால் வெளிச் சாதனத்துக்கு மின்சாரம் வராது, அடாப்டரைத் தனியாகச் சொருக வேண்டும். தொலைக்காட்சிச் செய்தியாளர்களுக்கு இந்தத் தொல்லைகூட இல்லை. பானசோனிக்கின் பி2 அட்டை கார்டுபஸ் வடிவிலும், சோனியின் எஸ்எக்ஸ்எஸ் எக்ஸ்பிரஸ்கார்டு வடிவிலும் வந்ததால், கேமராவிலிருந்து உருவியதை அப்படியே மடிக்கணினியில் நுழைத்தார்கள்.

ரிலையன்ஸும் டாடா இண்டிகாமும் விற்ற முதல் சிடிஎம்ஏ டேட்டா கார்டுகளிலும் இந்த வடிவம் உண்டு. உச்ச வேகம் விநாடிக்கு 153 கிலோபிட். 2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்குவதற்குள் சந்தை யுஎஸ்பி டாங்கிளுக்கு மாறிவிட்டிருந்தது.

அதோடு அட்டையின் வேலை முடிந்துவிட்டது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பார்க்க எடை மேடைக்குப் போக வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கின்றன மரக்காணத்து உப்பளங்கள். உப்பானாலும் சவுக்குக் கட்டையானாலும் லாரிக்குக் காலி எடையும் லோடு எடையும் போட்டால்தான் நிகர எடை தெரியும். மேடைக்கு அடியில் லோட்செல்கள், அறைக்குள் சிவப்பு எண்கள் ஒளிரும் இண்டிகேட்டர், அதன் முதுகில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்: எடை மேடைகளின் பொதுவான அமைப்பு இது. அந்தப் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 தரநிலை 1960இல் பிறந்தது. சாதாரண எடைக்கருவியே கணினியைவிட நெடுநாள் உழைக்கும். பில் போடும் பழைய கணினி பழுதாகி மடிக்கணினி வந்து உட்காரும்போதுதான் வம்பு, ஏனென்றால் அதில் அந்த ஒன்பது ஊசி போர்ட் இருக்காது.

யுஎஸ்பி-சீரியல் கேபிள் கைக்கெட்டும் தீர்வு. பெரும்பாலும் வேலை செய்யும். செய்யாதபோது காரணம் அநேகமாக உள்ளே இருக்கும் சில்லு: புரோலிஃபிக், எஃப்டிடிஐ சில்லுகளின் போலிகள் சந்தையில் ஏராளம், புதிய டிரைவர்கள் போலியைக் கண்டால் ஒத்துழைக்க மறுக்கும். எக்ஸ்பிரஸ்கார்டு வாய் உள்ள பழைய மடிக்கணினியில் சீரியல் அட்டையைச் செருகினால் கணினியின் சொந்தப் பாதையிலேயே போர்ட் கிடைக்கும். ஆனால் இங்கும் ஒரு தந்திரம் உண்டு. அந்த வாயில் யுஎஸ்பியும் இருப்பதால், மலிவான அட்டைகள் சில பிசிஐ எக்ஸ்பிரஸைத் தொடாமல் யுஎஸ்பி வழியையே பிடித்துக்கொள்ளும். அட்டை விலை கொடுத்துக் கேபிளை வாங்கியதற்குச் சமம் அது. டாஸ் காலத்து மென்பொருளுக்கோ இரண்டுமே போதாது. அது காம்1 போர்ட்டைப் பழைய முகவரியில் தேடும். அந்த முகவரியில் உட்காரக்கூடியது பிசிஎம்சிஐஏவின் பழைய 16 பிட் அட்டை மட்டுமே. கார்டுபஸும் எக்ஸ்பிரஸ்கார்டும் வேறு முகவரியைப் பெறும்.

உப்பளக் கரையில் அட்டைக்கு இன்னொரு எதிரி காற்று. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டித்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்காற்றில் பறந்துவரும் துகளில் இரண்டும் கலந்திருப்பதால், தொடுமுனைமேல் படிந்த உப்பு வெயில் நாளிலும் முழுதாகக் காய்வதில்லை. தொடுமுனையின் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்புநீர் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்க, பித்தளைப் பாத்திரத்தில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு ஏறும். அட்டை இருக்கிறது என்று ஒரு நாள் காட்டி மறுநாள் இல்லை என்று சொல்லும் மடிக்கணினியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தக் காலத்தில் புதிய மடிக்கணினியோடு செருகுவாயில் வந்த பிளாஸ்டிக் டம்மி அட்டையை அலட்சியமாகத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தூசியும் உப்பும் உள்ளே போகாமல் காப்பது அதுவே. களிம்பு பிடித்த அட்டையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் இருக்கிற தங்கமும் போய்விடும். ஏசி அறையிலிருந்து உப்பளத்துக்கு எடுத்துப்போன கணினியில் உடனே அட்டையைச் செருகக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் ஈரம் முத்துக்கட்டும். அது காயும்வரை காத்திருக்க வேண்டும்.

அட்டை செய்த வேலையை இப்போது கேபிள் செய்கிறது. 2011இல் வந்த தண்டர்போல்ட்டும் 2019இன் யுஎஸ்பி4உம் பிசிஐ எக்ஸ்பிரஸையே கம்பிவழி வெளியே கொண்டுவருகின்றன. கிராஃபிக்ஸ் அட்டையைக்கூட வெளிப்பெட்டியில் வைத்து மாட்டலாம். அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021 முதல் விற்கும் மடிக்கணினியில் விரிவாக்க அட்டை என்ற பெயரிலேயே சிறு கட்டைகள் உண்டு. உள்ளே இருப்பது யுஎஸ்பி-சி. பழைய அட்டை தேவைப்படுகிறவர்கள் சென்னை ரிச்சி தெருவின் பழைய சாமான் கடைகளில் விசாரிக்கலாம். வாங்குமுன் மடிக்கணினியின் வாய் எந்த வகை, எக்ஸ்பிரஸ்கார்டு என்றால் 34 மி.மீ.யா 54 மி.மீ.யா என்று அளந்துகொள்ள வேண்டும். 34 மி.மீ. அட்டை அகலமான வாயிலும் போகும், 54 மி.மீ. அட்டை குறுகிய வாயில் போகாது.