தகரத் துண்டில் இல்லாத ஊர்

என் பூட்டனார் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பேர் பதிந்தது கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து கங்காணியோடு வந்தவர் என்பதே குடும்பம் காத்துவந்த செய்தி. அவரது ஊரைத் தேடி அத்தோட்டத்தின் பழைய செக்ரோல்களைப் புரட்டினேன். அவர் பெயர் உண்டு, கங்காணியின் பெயரும் உண்டு, ஊர்ப்பெயர் இல்லை. அக்காலத்தில் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட தகரத் துண்டிலும் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் அடையாளமே பொறிக்கப்பட்டிருந்தது. போகுமிடம் தெரிந்தால் துரைமாருக்குப் போதும்.

இதை வெறும் குலவரலாற்று ஆர்வம் என்று எண்ணிவிடவேண்டாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் அவருடைய தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. என் பாட்டனார் பிறந்தது லயத்தில். அதற்குப் பதிவு இல்லை. அதனால் என் தந்தையார் நாடற்றவரானார். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியபோது தந்தையார் உயிரோடு இல்லை.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோர் சொல்லும் ஊர்ப்பெயரை இன்றே எழுதி வையுங்கள். நம் பதிவேட்டை நாமே எழுதவேண்டியிருக்கிறது.