மொழி வகுப்பில் சட்டாம்பிள்ளை: சக மாணவர் நடத்தும் வாய்மொழிப் பயிற்சி

பினாங்கு, கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) ஜப்பானியம், அரபு, பிரெஞ்சு போன்ற மொழிகளை மாணவர்கள் அரிச்சுவடியிலிருந்தே கற்கலாம். நாட்டின் மற்ற பொதுப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய தொடக்கநிலை வகுப்புகள் உண்டு. இவ்வகுப்புகளில் பலருக்கும் இலக்கணம் புரிந்துவிடுகிறது, ஆனால் வாய் திறந்து பேசத்தான் வருவதில்லை.

காரணம் எளிய கணக்குதான். 30 பேர் உள்ள வகுப்பில் 50 நிமிடங்களையும் பேச்சுக்கே ஒதுக்கினாலும், ஒருவருக்கு 2 நிமிடம்கூடக் கிடைக்காது. அதே மாணவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 8 நிமிடங்கள் கிடைக்கும். அத்தனை குழுக்களுக்கும் விரிவுரையாளர்களுக்கு எங்கே போவது? இதற்கு விடையாக வந்ததுதான், அம்மொழியில் தேர்ந்த பட்டப்படிப்பு மாணவரையே பயிற்றுநராக அமர்த்தும் முறை.

தமிழருக்குப் பழகிய முறை

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை, இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நாம் அறிந்ததே. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கற்பிப்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் நடைமுறைப்படுத்தினார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழி, அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது.

டார்ட்மவுத் கல்லூரியில்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், அமெரிக்க ராணுவம் வீரர்களுக்கு அயல்மொழிகளை விரைவாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. மொழியியலாளர் இலக்கணத்தை விளக்கினார். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் சிறு குழுக்களில் பேச வைத்தார். விளக்கம் ஒருவர், பயிற்சி மற்றொருவர் என்ற பிரிவு அங்கே வேரூன்றியது.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 1965-இல் சேர்ந்த பேராசிரியர் ஜான் ராசியாஸ், இரண்டாவது பொறுப்பைப் பட்டப்படிப்பு மாணவர்களிடமே ஒப்படைத்தார். அவர்களுக்கு முதலில் பயிற்சிப் பட்டறை நடக்கும். அதில் செய்துகாட்டித் தேர்வு பெறுபவரே குழுவை நடத்தலாம். பயிற்றுநர் ஒரு வாக்கியத்தைச் சொல்வார், விரலைச் சொடுக்கி ஒருவரைச் சுட்டுவார், அவர் உடனே பதில் சொல்ல வேண்டும். தவறினால் சரியான வடிவத்தைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ராசியாஸ் 2015-இல் காலமானார்.

தமிழ் வகுப்பில் எப்படி இருக்கும்?

மலாய்மொழி பேசும் ஒரு மாணவர் புதிதாகத் தமிழ் கற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலாயில் 'சாயா பெர்கி', 'டியா பெர்கி' என யார் போனாலும், எப்போது போனாலும் வினைச்சொல் மாறாது. தமிழில் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப விகுதி மாறும். இதைக் கரும்பலகையில் ஒரே பாடத்தில் விளக்கிவிடலாம், ஆனால் நாக்குக்குப் பழக நாள்கள் ஆகும்.

பயிற்றுநர் 'நான் கடைக்குப் போகிறேன்' என்று தொடங்குவார். 'அவள்' என்றதும் முதல் மாணவர் 'அவள் கடைக்குப் போகிறாள்' என்பார். 'நேற்று' என்றதும் அடுத்தவர் 'அவள் நேற்று கடைக்குப் போனாள்' என்பார். ல, ள, ழ ஒலிகளுக்கும் இதே பாணிதான். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயும் அறிந்த ஒரு மாணவர் இப்பணிக்கு மிகப் பொருத்தமானவர். சக மாணவர் முன் தவறு செய்யக் கூச்சமும் குறைவு.

கவனிக்க வேண்டியவை

ஒன்று: தாய்மொழி தெரிந்த எல்லாரும் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. எந்தத் தவறை உடனே திருத்துவது, எதை விட்டுவிடுவது என்பதைப் பயிற்சி பெற்றே அறிய வேண்டும். ஆசிரியர் அவ்வப்போது வந்து பார்க்கவும் வேண்டும்.

இரண்டு: பொருள் புரியாமலே மாணவர் சரியான விடை சொல்லிவிட முடியும். மொழி கற்பித்தல் அறிஞர் கிறிஸ்டினா பால்ஸ்டன் 1970-களின் தொடக்கத்தில் இதைச் சுட்டிக்காட்டினார். ஆகவே பயிற்சியின் கடைசி நிமிடங்களில் 'நேற்று நீங்கள் எங்கே போனீர்கள்?' என்று உண்மையான கேள்வி கேட்க வேண்டும்.

மூன்று: பெல்லின் முறை வேகமாகப் பரவியதற்கு அதன் குறைந்த செலவும் ஒரு காரணம். ஓர் ஆசிரியரே நூற்றுக்கணக்கானோரைச் சமாளித்தார், அதனால் பாடம் வெறும் மனப்பாடமானது. சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குத் துணையே தவிர மாற்று அல்ல. விளக்கமும் தேர்வும் மதிப்பெண்ணும் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். மாணவப் பயிற்றுநரின் உழைப்புக்கு ஊதியமும் வழங்க வேண்டும்.

இந்த எல்லைகளுக்குள் நடந்தால் இருவருக்கும் நன்மை. கற்பவருக்குப் பேச்சு வருகிறது. பயிற்றுவிப்பவருக்கோ தன் மொழியில் இதுவரை யோசிக்காமல் பேசிய இலக்கணம் முதன்முறையாகப் புலப்படுகிறது. தமிழாசிரியர் பணியை நாடும் மாணவருக்கு அது நல்ல முன்பயிற்சி.